வைத்தியசாலைக்கும் கூத்துக்களரிக்கும் கொடுப்பவர்: வன்னியின் கொடையாளர் ஒருவரைப் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இப்பக்கம் யாரைப் பற்றியது? அவருடைய பெயர் ஏன் இதில் இல்லை?

கிளிநொச்சி மாவட்டத்தில், இரணைமடுக் குளத்து வாய்க்கால் பாயும் கிராமம் ஒன்றில் வசிக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவரைப் பற்றியது. ஊரில் எல்லோருக்கும் அவர் ரீச்சரம்மா. கணவர் நெல் ஆலை வைத்திருந்தவர். இப்போது உயிருடன் இல்லை. பிள்ளைகள் இருவரும் வெளிநாட்டில் இருக்கிறார்கள். 2009 மே மாதத்தில் போர் முடிந்து, செட்டிகுளத்து முகாமில் இருந்துவிட்டு அவர் ஊர் திரும்பியபோது ஆலையின் கூரையும் இல்லை, இயந்திரமும் இல்லை. காணி மட்டும் இருந்தது. அந்தக் காணியிலிருந்து மறுபடி தேறிய வருமானத்தில் ஒரு பங்கை நோயாளருக்கும் இன்னொரு பங்கைக் கூத்துக்கும் என்று ஒதுக்கி வைத்தார். அந்தக் கணக்குகளைப் பத்து ஆண்டுகளுக்கு மேலாக எழுதி வருபவன் நான். அவரிடம் நேரில் கேட்கத் தயங்குபவர்கள் என்னிடம் கேட்பவற்றையும், வெளிநாட்டிலிருந்து உதவ விரும்புவோர் எழுதிக் கேட்பவற்றையும் இங்கே சேர்த்திருக்கிறேன். பெயர் வேண்டாம் என்பது அவர் விதித்த நிபந்தனை. "பேர் போட்டால் வாசலிலை சனம் நிக்கும், தம்பி. ஆனால் வரவேண்டிய சனம் வராது" என்றார்.

வன்னியில் இப்படிக் கொடுப்பதற்குப் பழைய மரபு உண்டா?

உண்டு; அதை மாளிகைகளில் அல்ல, தெருவோரத்தில்தான் தேட வேண்டும். தலைச்சுமையை இறக்கி வைக்கச் சுமைதாங்கியும், மாடுகள் உடம்பை உரசிக்கொள்ள ஆவுரோஞ்சிக் கல்லும், அவை குடிக்கத் தண்ணீர்த் தொட்டியும் வைத்தவர்கள் எல்லோரும் கொடையாளர்களே. வயிற்றில் பிள்ளையோடு இறந்த பெண்ணின் நினைவாகச் சுமைதாங்கி நாட்டுவது தமிழரிடையே இருந்த வழக்கம். யாழ்ப்பாணத்துச் செல்வச்சந்நிதி முருகன் கோவிலிலிருந்து முல்லைத்தீவு வழியாகக் கதிர்காமத்துக்கு நடந்து போகும் அடியார்களுக்கு வழியில் தண்ணீரும் சோறும் கொடுப்பது இன்றைக்கும் நடக்கிறது. யார் கொடுத்தார் என்று எந்த அடியாரும் கேட்பதில்லை.

வைத்தியசாலைக்குக் கொடுப்பது இதற்குப் பின் வந்த வழக்கம். யாழ்ப்பாணத்தின் பெரிய வைத்தியசாலையே, 1850 இல் அரசாங்க அதிபராக இருந்த டைக் என்பவரின் முயற்சியால், 'பிரெண்ட் இன் நீட் சொசைட்டி' என்ற தரும சங்கத்தின் வைத்தியசாலையாகத் தொடங்கியதுதான்.

வன்னிக்கென்று ஒரு பெயரைச் சொல்லச் சொன்னால் நான் காந்தியத்தைச் சொல்வேன். 1970களின் பிற்பகுதியில் வவுனியாவை மையமாக வைத்து, கட்டடக் கலைஞர் டேவிட் ஐயாவும் டாக்டர் இராஜசுந்தரமும் அந்த அமைப்பை நடத்தினார்கள். 1977 கலவரத்தில் அடிபட்டு மலையகத்திலிருந்து வந்த குடும்பங்களுக்குக் குடியிருப்பும் பண்ணையும் பாலர் பாடசாலையும் அமைத்துக் கொடுத்தார்கள். டேவிட் ஐயா வெளிநாட்டில் உழைத்த சொந்தப் பணத்தை அதற்குள் போட்டவர். 1983 இல் இருவரும் கைதானார்கள். டாக்டர் இராஜசுந்தரம் அந்த ஆண்டு யூலையில் வெலிக்கடைச் சிறைக்குள் கொல்லப்பட்டார். டேவிட் ஐயா உயிர் தப்பி, நெடுங்காலம் இந்தியாவில் இருந்துவிட்டு, 2015 இல் கிளிநொச்சியில் காலமானார். கொடையாளர் என்றால் பொன்னாடையும் பிரதம விருந்தினர் கதிரையும் என்று நினைப்பவர்களுக்கு ரீச்சரம்மா இந்த இருவரையும்தான் நினைவூட்டுவார்.

அண்மைக் காலத்தில், 2011 இல், ஆடை உற்பத்தித் துறையைச் சேர்ந்த இருவர் முன்னின்று தெற்கின் தெய்வேந்திரமுனையிலிருந்து பருத்தித்துறை வரை 27 நாட்கள் நடந்தார்கள். வழிநெடுகச் சிங்களவரும் தமிழரும் முஸ்லிம்களும் அவர்களுடன் சேர்ந்து நடந்தார்கள். அதில் சேர்ந்த பணத்தில் யாழ்ப்பாணத்தின் தெல்லிப்பழையில் புற்றுநோய் வைத்தியசாலை எழுந்தது. வன்னியிலிருந்து புற்றுநோய்ச் சிகிச்சைக்காகக் கொழும்புக்கு அருகிலுள்ள மகரகமைக்குப் போய்க் கிடந்தவர்களுக்கு அது எவ்வளவு தூரத்தைக் குறைத்தது என்பது, நோயாளியைக் கூட்டிக்கொண்டு இரவு பஸ்ஸில் போனவர்களுக்குத்தான் தெரியும்.

பணம் எங்கிருந்து வருகிறது?

முக்கியமாக வயலிலிருந்து. மாரி மழையில் விளையும் காலபோக நெல் விற்ற பிறகுதான் எங்கள் ஆண்டுக் கணக்குத் தொடங்கும். கோடையில் விதைக்கும் சிறுபோகம் குளத்து நீர்மட்டத்தைப் பொறுத்தது என்பதால் அதை நம்பி எவருக்கும் வாக்குக் கொடுப்பதில்லை. லண்டனிலும் ரொறன்ரோவிலும் இருக்கும் உறவினர்கள் அனுப்புவது மீதி. உண்டியல் மூலம், அதாவது வங்கிக்குப் புறம்பாகக் கைமாறி, வரும் காசை அவர் தொடுவதில்லை. வங்கியால் வர வேண்டும், அனுப்பியவருக்குப் பற்றுச்சீட்டுப் போக வேண்டும்.

ஒரு கொடையாளரின் நாள் எப்படிக் கழிகிறது?

பலர் நினைப்பதைவிடச் சலிப்பாகக் கழிகிறது. காலை ஆறரை மணிக்கு முன்விறாந்தையில் கதிரையைப் போட்டு, மடியில் சீ.ஆர். கொப்பி ஒன்றை வைத்துக்கொண்டு உட்காருவார். வருபவர்களுக்கு முதலில் தேநீர், பிறகுதான் கதை. யார், எந்த ஊர், எந்தக் கிளினிக், அடுத்த திகதி எப்போது, கூட்டிப்போக யார் இருக்கிறார்கள் என்று கேட்டு எழுதுவார். காசு அன்றைக்குக் கொடுபடாது. மறுநாள் நான் அந்தப் பகுதிக் குடும்பநல மாதுவிடமோ கிராம அலுவலரிடமோ விசாரிப்பேன். இது சந்தேகத்தால் செய்வதல்ல. கேட்டு வந்தவருக்குத் தெரியாமலே அவருக்கு உரித்தான அரச உதவி ஏதாவது பிரதேச செயலகத்தில் காத்திருக்கும் சந்தர்ப்பங்கள் உண்டு. அப்படியானால் படிவத்தை நிரப்பிக் கொடுப்பதே போதும். எங்கள் பணம் மிஞ்சும்.

பத்து மணிக்கு மேல் தொலைபேசி. மாலையில் கூத்துப் பழக்கம் (ஒத்திகை) நடக்கும் நாட்களில் அங்கே போய் ஒரு மூலையில் இருப்பார். ஆலோசனை சொல்ல மாட்டார்; அவருக்குச் சுருதி பிடிபடாது என்பதை அவரே ஒப்புக்கொள்வார்.

அரச வைத்தியசாலைகளில் சிகிச்சை இலவசமாயிற்றே. அங்கே கொடையாளருக்கு என்ன வேலை?

இது நியாயமான கேள்வி. நாட்டின் பொது வைத்தியசாலைகளில் கட்டணம் இல்லை. கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா, மன்னார் ஆகிய நான்கு மாவட்டங்களிலும் பொது வைத்தியசாலைகள் இருக்கின்றன. இலவசமாக இல்லாதது வைத்தியசாலைக்குப் போய்ச் சேரும் வழி.

சிறுநீரக நோயை எடுத்துக்கொள்ளுங்கள். காரணம் முற்றாகத் துலங்காத நாட்பட்ட சிறுநீரக நோய் 1990களில் வடமத்திய மாகாணத்து விவசாயிகளிடையே வெளிப்பட்டது. பதவியாவும் மதவாச்சியும் எங்களுக்கு அயல். வவுனியா, முல்லைத்தீவு மாவட்டங்களின் கிராமங்களும் அந்நோயிலிருந்து தப்பவில்லை. நீரிழிவாலும் உயர் குருதி அமுக்கத்தாலும் சிறுநீரகம் பழுதானவர்கள் இதற்குப் புறம்பு. சிறுநீரகம் செயலிழந்தவருக்கு வாரத்தில் இரண்டு அல்லது மூன்று தடவை, ஒவ்வொரு தடவையும் ஏறக்குறைய நான்கு மணி நேரம், குருதிச் சுத்திகரிப்புச் செய்ய வேண்டும். இயந்திரத்துக்குள் நிமிடத்துக்கு அரை லீற்றர் வீதம் சுத்திகரிப்புத் திரவம் ஓடும். நான்கு மணி நேரத்துக்கு அது 120 லீற்றர். அந்தத் திரவத்தைத் தயாரிக்கும் தண்ணீர், நாம் குடிக்கும் தண்ணீரைவிடத் தூய்மையாக இருக்க வேண்டும். வன்னியின் நிலத்தடி நீரோ பல இடங்களில் கல்சியம் மிகுந்த கடின நீர். கேத்தலின் அடியில் படியும் வெள்ளைப் படையைப் பார்த்தாலே தெரியும். ஆகவே இயந்திரம் வாங்குவதோடு வேலை முடிவதில்லை. தண்ணீர் சுத்திகரிக்கும் தொகுதி, அதன் வடிகள், மென்சவ்வுகள், மின்சாரம் நின்றால் மின்பிறப்பாக்கி, இவற்றையெல்லாம் பார்க்க ஓர் ஆள் என்று அது நீளும்.

தொடக்கத்தில் ரீச்சரம்மாவும் இயந்திரம் ஒன்று வாங்கிக் கொடுக்கத்தான் நினைத்தார். முல்லைத்தீவுக் கரையோரத்துத் தொழிலாளி ஒருவர் விறாந்தையில் இருந்து சொன்னது அந்த எண்ணத்தை மாற்றியது. "மெசின் இருக்கு, ரீச்சர். மெசினடிக்குப் போய்ச் சேருறதுதான் கரைச்சல்." விடியப்புறத்து முதல் பஸ்ஸில் வர வேண்டும், தனியே வர முடியாது, மனைவி கூட வர வேண்டும், அவருக்கு அன்றைக்குக் கூலி இல்லை, திரும்பும்போது தலைச்சுற்று, பஸ்ஸில் நிற்க முடியாது, ஓட்டோ பிடிக்க வேண்டும். ஒரு தடவைக்கு இவ்வளவு. வாரத்துக்கு மூன்று தடவை என்றால், சிகிச்சை இலவசமாக இருக்கும்போதே ஒரு குடும்பம் வட்டிக்குக் கடன் எடுக்கத் தொடங்கிவிடுகிறது. இரண்டு தடவை போக வேண்டியவர் ஒரு தடவை போவார். பிறகு மூச்சு முட்டும்போது மட்டும் போவார்.

அன்றிலிருந்து எங்கள் மருத்துவச் செலவில் பெரும் பகுதி பயணக்காசு. வெள்ளிக்கிழமை தோறும், அடுத்த வாரத்துக்கு வேண்டிய தொகை, கடித உறையில். இதைவிட அழகில்லாத கொடை வேறு இல்லை. பஸ் ரிக்கற்றுக்குப் பெயர்ப்பலகை அடிக்க முடியாது.

வைத்தியசாலைக்குக் கருவியோ மருந்தோ அனுப்ப விரும்புகிறேன். என்ன செய்ய வேண்டும்?

முதலில் அனுப்பாமல் இருக்க வேண்டும். பிறகு கேட்க வேண்டும்.

இதை நாங்கள் தவறு செய்து கற்றோம். ஆரம்ப ஆண்டுகளில் கனடாவிலிருந்து உறவினர் ஒருவர், அங்கே ஒரு சிகிச்சை நிலையம் கழித்துவிட்ட நோயாளர் கண்காணிப்புக் கருவிகள் சிலவற்றைக் கப்பலில் அனுப்பினார். நாங்கள் மகிழ்ந்து போய், ஒரு வைத்தியசாலையில் சிறு வைபவமும் வைத்துக் கையளித்தோம். கனடாவில் மின்சாரம் 120 வோல்ற், இங்கே 230. மாற்றி ஒன்று பொருத்தினால் போதும் என்றார்கள். பொருத்தியபோது உடம்பில் ஒட்டும் உணரிகள் அந்த மாதிரிக்கு இங்கே கிடைக்காது என்று தெரிந்தது. கடைசியில் அவை பொலித்தீன் போர்த்தியபடி நடைபாதையின் ஓரத்தில் இரண்டு மழைக்காலம் இருந்தன. அரச பொருட்பதிவேட்டில் ஏறிவிட்டதால் எறியவும் முடியாது. அங்கிருந்த தாதி ஒருவர் எங்களைக் காணும்போதெல்லாம் சிரித்தபடி, "உங்கடை சாமான் சுகமாய் இருக்கு, அம்மா" என்பார்.

இப்போது நாங்கள் செய்வது இதுதான்: வைத்தியசாலைப் பணிப்பாளரிடமோ நோயாளர் நலன்புரிச் சங்கத்திடமோ தேவையை எழுத்தில் கேட்கிறோம். அவர்கள் கேட்ட மாதிரியையே, உள்நாட்டில் பழுதுபார்க்கும் முகவரிடமிருந்து வாங்குகிறோம். ஐந்து ஆண்டுப் பராமரிப்புக்கும் நுகர்பொருட்களுக்கும் காசு ஒதுக்க முடியாவிட்டால் கருவியே வாங்குவதில்லை. வைத்தியசாலைகள் பல மாகாண சுகாதாரத் திணைக்களத்தின் கீழும் சில மத்திய அமைச்சின் கீழும் இருப்பதால், யாருடைய அனுமதி வேண்டும் என்பதையும் முதலிலேயே கேட்டு அறிய வேண்டும்.

மருந்து இன்னும் கவனமான விடயம். 2015 ஆம் ஆண்டின் 5 ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த தேசிய மருந்துகள் ஒழுங்குபடுத்தும் அதிகாரசபையின் அனுமதியின்றி வெளிநாட்டு மருந்தை உள்ளே கொண்டுவர முடியாது. வந்து சேரும்போது குறைந்தது ஓர் ஆண்டாவது காலாவதியாக மிச்சம் இருக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டல். 2022 பொருளாதார நெருக்கடியில் மருந்துத் தட்டுப்பாடு வந்தபோது, பயணப்பெட்டிக்குள் மாத்திரைகளைப் போட்டுக்கொண்டு வர ஆயத்தமாக நின்றவர்கள் ஏராளம். அவர்களுடைய மனத்தை மதிக்கிறேன், பெட்டியை மதிக்கவில்லை.

கால் இழந்தவர்களுக்கு உதவுகிறீர்களா?

ஓரளவுக்கு. ஜெய்ப்பூர்க் கால் 1960களின் இறுதியில் இராஜஸ்தானில் உருவானது. யாழ்ப்பாணத்தில் அதற்கான நிறுவனம் 1987 முதல் இயங்குகிறது. அதன் பாதம் இறப்பராலானது. சப்பாத்து இல்லாமல் நடக்கலாம், குந்தி இருக்கலாம், வயற்சேற்றில் இறங்கலாம். கமம் செய்பவருக்கு இது எவ்வளவு பெரிய விடயம் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

முதற்கால் பொருத்த ஆட்கள் வருவார்கள், படம் எடுப்பார்கள். ஆனால் கால் அகற்றப்பட்ட பின் முதலாம் ஆண்டில் எஞ்சிய பகுதி சுருங்கும், அதைத் தாங்கும் கிண்ணம் தளரும், தோல் உரசிப் புண்ணாகும். வளரும் பிள்ளைகளுக்கு அடிக்கடி மாற்ற வேண்டும். பெரியவர்களுக்கும் சில ஆண்டுகளுக்கு ஒரு தடவை மாற்ற வேண்டி வரும். ரீச்சரம்மா இரண்டாம் காலுக்கும் மூன்றாம் காலுக்கும்தான் கொடுக்கிறார்.

நோயும் கடனும் இருக்கும் ஊரில் கூத்துக்கு ஏன் காசு?

எங்களிடம் மிக அதிகமாகக் கேட்கப்படும் கேள்வி இதுதான். சில வேளை கோபத்தோடும் கேட்கப்படுகிறது. பதிலை ஒரு மனிதரைக் கொண்டு சொல்கிறேன்.

முல்லைத்தீவுப் பக்கத்தில் கோவலன் கூத்து வெறும் பொழுதுபோக்கு அல்ல. வற்றாப்பளைக் கண்ணகி அம்மனுக்கு வைகாசியில் பொங்கல் நடக்கும். கடல்நீரைக் கொண்டுவந்து அதில் விளக்கெரிப்பார்கள். அந்த அம்மனுடைய கதையை இரவிரவாக ஆடுவதுதான் கோவலன் கூத்து. இடப்பெயர்வுகளில் மத்தளமும் அரச முடியும் உடுப்பும் போயின. கையெழுத்துக் கொப்பிகளும் போயின. பாட்டு எஞ்சியது கூத்தைப் பழக்கும் அண்ணாவிமாரின் நெஞ்சில் மட்டும்.

எங்களுக்குத் தெரிந்த அண்ணாவியார் ஒருவருக்கு இரண்டு சிறுநீரகமும் போய்விட்டன. வாரத்தில் இரண்டு நாள் சுத்திகரிப்புக்கு வருவார். அவருக்கும் எங்கள் பயணக்காசுதான். நான்கு மணி நேரம் கட்டிலில் கிடக்க வேண்டும். ஊசி ஏறிய இடது கையை அசைக்கக் கூடாது. சும்மா கிடக்கும் நேரத்தில் அவர் மெல்லப் பாடத் தொடங்கினார். பக்கத்தில் இருந்த பேரன் பாடசாலைக் கொப்பியில் எழுதத் தொடங்கினான். வலது கையால் கட்டிற் கம்பியில் தாளம் போடுவார். ஒரு நாள் தாதி ஓடிவந்து, "ஐயா, கையை ஆட்டாதையுங்கோ!" என்றார். "இது மற்றக் கை, பிள்ளை" என்று சொல்லிவிட்டு அவர் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார். சில வாரங்களில் அயற்கட்டில்காரர்கள் பிற்பாட்டுப் பாடத் தொடங்கிவிட்டார்கள். வரத் தவறியவர்கள்கூட அவருடைய நாளில் வரப் பார்த்தார்கள். இதைச் சிகிச்சை என்று நான் சொல்லவில்லை. அது மருத்துவர் சொல்ல வேண்டியது. ஆனால் பயணக்காசுக் கணக்கில் அந்த நாட்களின் உறைகள் மிஞ்சவில்லை என்பதை என்னால் சொல்ல முடியும்.

அப்படியாக மூன்று கொப்பிகள் நிரம்பின. வைத்தியசாலைக்குக் கொடுத்த காசு எது, கூத்துக்குக் கொடுத்த காசு எது என்று அந்தக் கணக்கை எப்படிப் பிரிப்பது என எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. ஆகவே கேள்வி கேட்பவர்களிடம் நான் வாதாடுவதில்லை.

கலைக்கு ஒதுக்கும் பணம் எதற்குச் செலவாகிறது?

மேடைக்கு அல்ல. மத்தளத்துக்குத் தோல் மாற்றி வார் இழுத்துக் கட்ட, சல்லரி என்ற தாளம் வாங்க, முடிகள் கட்ட, மூன்று மாதப் பழக்கத்துக்குத் தேநீரும் பணிசும், இரவு திரும்பும் பிள்ளைகளுக்கு ஓட்டோ, ஒலி ஒளி வாடகை என்று போகிறது. அண்ணாவியாருக்குக் கொடுப்பதை வெற்றிலையில் வைத்து, சின்னப் பிள்ளை ஒன்றின் கையால் கொடுப்போம். கடித உறை அங்கே பொருந்தாது. மன்னாரின் கத்தோலிக்கக் கிராமங்களில் நாட்டுக்கூத்தும் வாசாப்பு என்ற நாடகமும் ஆடுபவர்கள் கேட்டபோதும் இந்த வகைகளுக்கே கொடுத்திருக்கிறோம்.

சங்கீதம் படிக்கும் பிள்ளைகளுக்கு, 1931 இல் தொடங்கப்பட்ட வட இலங்கைச் சங்கீத சபையின் தரப் பரீட்சைக் கட்டணத்தைக் கட்டுகிறோம். வயலின், மிருதங்கம் போன்றவற்றை வாங்கிக் கொடுப்பதில்லை. பாடசாலையின் பெயரில் இரவல் கொடுக்கிறோம். பிள்ளை படிப்பை விட்டால் வாத்தியம் அடுத்த பிள்ளையிடம் போகும்.

சமூகத்தில் அவருக்கு இருக்கும் மதிப்பு அவருக்குப் பிடிக்காதா?

பிடிக்கும். அவர் சந்நியாசி அல்லர். தமிழில் புகழுக்கும் பாட்டுக்கும் இசை என்ற ஒரே சொல் இருப்பது தற்செயல் அல்ல என்று அவரே பகிடியாகச் சொல்வார். பாடசாலைப் பரிசளிப்புக்கும் கோவில் விழாவுக்கும் அழைத்தால், நல்ல சேலை ஒன்றை உடுத்திக்கொண்டு நேரத்துக்குப் போவார். பேச்சு ஐந்து நிமிடம். பொன்னாடைகள் மட்டும் வீட்டில் குவிந்துவிட்டன. ஓர் ஆண்டு அவற்றையெல்லாம் எடுத்துத் தையற்காரப் பெண் ஒருவரிடம் கொடுத்து, கூத்துக்கு அரச உடுப்பு தைப்பித்தார். பாண்டியன் வரவுக்கு முன்வரிசையில் இருந்த உள்ளூர்ப் பிரமுகர் ஒருவர், "எங்கேயோ கண்ட துணி மாதிரி இருக்கு" என்றார். ரீச்சரம்மா தலையைத் திருப்பவில்லை. அந்தப் பொன்னாடையை அவருக்குப் போர்த்தியவர் அந்தப் பிரமுகர்தான்.

உதவி பெறுபவர்களின் படங்களை அனுப்புவீர்களா?

அனுப்ப மாட்டோம். பற்றுச்சீட்டு, வைத்தியசாலைக் கடிதம், ஆண்டுக் கணக்கு ஆகியவற்றை அனுப்புவோம்.

மூக்குக்கண்ணாடி வழங்கும் வைபவம் ஒன்றுக்கு நான் போயிருந்தேன். நடத்தியவர்கள் யார் என்பது இங்கே வேண்டாம். கண்ணில் வெண்படலம் எடுத்த முதியவர்கள் காலை எட்டு மணியிலிருந்து கொட்டகைக்குள் இருந்தார்கள். பிரதம விருந்தினர் பதினொன்றரைக்கு வந்தார். ஒவ்வொருவருக்கும் கண்ணாடியைப் போட்டுப் படம் எடுத்து, படம் சரியாக வராதவர்களுக்குக் கழற்றி மறுபடி போட்டார்கள். ஒரு மூதாட்டி என்னிடம், "தம்பி, எனக்கு எப்ப பார்க்க விடுவினம்?" என்று கேட்டார். கண்ணாடியைப் போட்டிருந்தும், படம் எடுப்பவரையே பார்க்கச் சொல்லி அவரை நிறுத்தி வைத்திருந்தார்கள்.

வெளிநாட்டில் எங்கள் மகளின் அரங்கேற்றம். பரிசுகளுக்குப் பதில் நன்கொடை சேர்த்து அனுப்பலாமா?

தாராளமாக. புலம்பெயர்ந்த குடும்பங்கள் பல இப்படிச் செய்கின்றன. மண்டபத்துக்கும் பக்கவாத்தியத்துக்கும் ஆகும் செலவோடு ஒப்பிட்டு எவரும் வெட்கப்பட வேண்டியதில்லை. இரண்டு வேண்டுகோள் மட்டும். முதலாவது, அந்தப் பணத்தை ஒரே தடவையில் முடிக்கும் செயலுக்குக் கேட்காமல், ஓர் ஆண்டுக்குப் பிரித்துக் கொடுக்க எங்களை விடுங்கள். இரண்டாவது, விடுமுறைக்கு மகள் இங்கே வந்தால் மேடை கேட்காதீர்கள். பழக்கம் நடக்கும் கொட்டகையில் ஒரு மாலை வந்து இருக்கட்டும். அப்படி வந்த பிள்ளை ஒருத்தி, தாளம் பிழைத்த இடத்தில் அண்ணாவியாரிடம் பேச்சு வாங்கிவிட்டுப் போய், அடுத்த ஆண்டு மறுபடி வந்தாள்.

இல்லை என்று சொல்வதுண்டா?

அடிக்கடி. கோவில் கோபுரத்துக்கும் விளையாட்டுக் கழகச் சீருடைக்கும் தேர்தல் காலத்து எதற்கும் இல்லை. புதுக் கட்டடத்துக்கும் இல்லை. திறந்துவைத்த கல்வெட்டு மட்டும் மினுங்க, உள்ளே ஆளில்லாமல் பூட்டிக் கிடக்கும் கட்டடங்களை வன்னியில் போதுமான அளவு பார்த்துவிட்டோம். மறுப்பதை அவரே நேரில் சொல்வார், என்னிடம் விடுவதில்லை. ஒரு தடவை மறுக்கப்பட்டவர் எதிரியாகி ஊரெல்லாம் கதை கட்டியபோதும், அந்த வீட்டுப் பாட்டியின் பயணக்காசு ஒரு வெள்ளிக்கிழமைகூட நிற்கவில்லை.

சட்டமும் வரியும் என்ன சொல்கின்றன?

சுருக்கமாக: தனிமனிதர் தன் பணத்தைக் கொடுக்கப் பதிவு தேவையில்லை. பிறரிடம் சேர்த்துக் கொடுப்பதென்றால் ஒரு சட்ட உருவம் வேண்டும். 1980 ஆம் ஆண்டின் 31 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ்த் தொண்டு அமைப்பாகப் பதியலாம். 2007 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்கக் கம்பனிகள் சட்டத்தின் கீழ் உத்தரவாதத்தால் வரையறுக்கப்பட்ட கம்பனியாக அமைக்கலாம். 1917 ஆம் ஆண்டின் நம்பிக்கைப் பொறுப்புக் கட்டளைச் சட்டத்தின்படி உறுதி எழுதி அறக்கட்டளை ஆக்கலாம். வரிச்சலுகையை எண்ணிக் கொடுப்பவர்களுக்கு ஏமாற்றம்தான்: 2017 ஆம் ஆண்டின் உள்நாட்டு இறைவரிச் சட்டம், அங்கீகரிக்கப்பட்ட தரும நிறுவனத்துக்குத் தனிமனிதர் கொடுப்பதில் வரிக்குரிய வருமானத்தின் மூன்றில் ஒன்று அல்லது 75,000 ரூபா, இவற்றில் குறைந்ததைத்தான் கழிக்க விடுகிறது. ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு என்பார்கள். எங்கள் கணக்கு ஆண்டுதோறும் கணக்காய்வாளரிடம் போகிறது. வேண்டுபவர் வந்து பார்க்கலாம்.

அவருக்குப் பின் இது என்னவாகும்?

ரீச்சரம்மாவுக்கு எழுபது கடந்துவிட்டது. பிள்ளைகள் திரும்பி வரப்போவதில்லை என்பதை அவர் வருத்தமின்றி ஏற்றுக்கொண்டிருக்கிறார். வயலின் ஒரு பகுதியை அறக்கட்டளை உறுதியில் எழுதியாயிற்று; பொறுப்பாளர்களில் ஒருவர் ஓய்வுபெற்ற தாதி, ஒருவர் அவரிடம் படித்த கணக்காளர், மூன்றாமவர் அந்த அண்ணாவியாரின் பேரன். அண்ணாவியார் போன ஆண்டு காலமானார். அவருடைய சுத்திகரிப்பு நாட்களுக்கான உறை இப்போது மாங்குளத்துக்கு அப்பாலுள்ள ஓர் இளந்தாய்க்குப் போகிறது. நான்காவது கொப்பியில் பதினொரு பக்கம் எழுதப்பட்டிருக்கிறது. மிச்சப் பாட்டைப் பிற்பாட்டுக்காரர் இருவரிடம் கேட்டுக் கேட்டு, ஞாயிற்றுக்கிழமைகளில் பேரன் எழுதி வருகிறான். அந்த இருவரின் பஸ் காசை எந்தத் தலைப்பின் கீழ் எழுதுவது என்று போன வாரம் என்னிடம் கேட்டான். மருத்துவத்தின் கீழேயே எழுதச் சொன்னேன்.